ஒரே வயலுக்கு இரண்டு தடவை

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை இயற்கை விவசாயப் பண்ணைக்கு ஒரு நாள் அழைத்துப் போக நினைக்கிறோம். எந்த மாதம் போகலாம், எதைக் காட்டச் சொல்லலாம் ஐயா?
– ஓர் ஆசிரியை, திருச்சி

பதில்: பங்குனி, சித்திரையில் மட்டும் வேண்டாம் டீச்சர். என் பேத்தியின் வகுப்போடு முதல் தடவை அப்படித்தான் போனோம். அறுத்துப் போட்ட தரிசு, மண்டையைப் பிளக்கும் வெயில். கொட்டகையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒரு பிள்ளையின் காலில்கூடச் சேறு படவில்லை.

டெல்டாவில் சம்பா நடவு புரட்டாசி, ஐப்பசியில் நடக்கும். அப்போது ஒரு தடவை போங்கள். அப்புறம் தை அறுப்புக்கு அதே வயலுக்குப் போங்கள். மறு வருஷம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பேத்தி நட்ட வரிசை கோணல். தையில் வரப்பில் கால் வைத்ததுமே அந்தக் கோணல் வரிசையைத்தான் தேடி ஓடினாள். அவள் நட்ட மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் அவள் தோளுக்கு வளர்ந்து நின்றது!

இவ்வளவு உயரம் எதற்கு என்று பிள்ளைகளையே கேளுங்கள். ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்று இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்ன பழமொழி அந்த நெல் தண்டில் இருக்கிறது. அடிக்கட்டை வயலிலேயே மக்கும், வைக்கோல் மாட்டுக்குப் போகும், நெல் வீட்டுக்கு வரும், சாணம் வயலுக்குத் திரும்பும். இந்த உயரப் பயிருக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். குட்டை ரகங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜீவாமிர்தம் என்ற இயற்கைக் கரைசல் உரத்தைப் பிள்ளைகள் கையாலேயே கலக்கட்டும். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், வரப்பு மண் ஒரு கைப்பிடி. வெல்லம் எதற்கு என்று நிச்சயம் கேட்பார்கள். சாணத்தில் இருக்கிற நுண்ணுயிர்கள் பெருகச் சாப்பாடு வேண்டாமா? நிழலில் வைத்துக் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் ஒரு ஏக்கருக்குத் தயார். சாண வாடைக்கு முகம் சுளித்த பிள்ளைகள்தான் கடைசியில் கழியை விடவே இல்லை.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். நீங்களும் பண்ணைக்காரரிடம் இரண்டு கைப்பிடி விதைநெல் கேட்டு வாங்கிப் பள்ளித் தோட்டத்தில் போடுங்கள். அடுத்த வருஷம் போகிற பிள்ளைகள் நாலு கைப்பிடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

இன்னொன்று. 40 பிள்ளைகள் வந்தால் பண்ணைக்காரருக்கு அன்றைக்கு வேலை ஓடாது. அந்த நாள் கூலியைக் கட்டாயம் கொடுத்துவிட்டு வாருங்கள்.