சொல்லிவிட்டுப் போங்கள்

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 38. கணவர் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாவது, மகன் மூன்றாவது. மாமியாருக்குச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி நான்தான் போட்டுவிடுகிறேன்.

மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்டதை வைத்து ஆறு வருடமாக மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு யோகா சொல்லித்தருகிறேன். பதினைந்து பேர் வருகிறார்கள். போன மாதம் ஒரு அம்மா, “டிஸ்க் விலகியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு, முதுகை வில்லாட்டம் வளைக்கிற தனுராசனம் பண்ணலாமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முறையாகப் படித்தே ஆகவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கேரளத்தில் ஒரு ஆசிரமத்தில் நாலு வாரம் தங்கிப் படிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் கிளம்பவேண்டும்.

மாமியார், “பிள்ளைங்களை விட்டுட்டு அப்படி என்ன படிப்பு?” என்கிறார். கணவர் சம்மதித்துவிட்டார். ஆனால் சின்னவன் பார்த்தால் விடமாட்டான், அவன் தூங்கினபிறகு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிடு என்கிறார். எனக்கே இது சுயநலமோ என்று இருக்கிறது. நீங்கள் இதையெல்லாம் தாண்டி வந்தவர். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

சுயநலமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் இருப்பது ஏற்காட்டில். ஒவ்வொரு ஜூன் மாதமும் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே ஹாஸ்டல் பள்ளிகளில் விட்டுவிட்டுப் போகிறார்கள். படிப்புக்காகப் பிள்ளை அம்மாவைப் பிரிந்து பத்து மாதம் இருக்கலாம் என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. படிப்புக்காக அம்மா நாலு வாரம் பிரிந்திருந்தால் மட்டும் அது எப்படிச் சுயநலமாகும்? உங்களை நம்பிப் பதினைந்து பேர் முதுகை வளைக்கிறார்கள். அவர்களுக்காகப் படிக்கப் போகிறீர்கள். போங்கள்.

ஆனால் ராத்திரியில் போகாதீர்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு நான் அப்படித்தான் போனேன். அப்போது ஹஸ்தம்பட்டியில் குடியிருந்தோம், மகளுக்கு ஆறு வயது. அவள் தூங்கினதும் என் அம்மாவின் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, கொலுசைக்கூடக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். மகளை அழவைக்காமல் கிளம்பிவிட்டேன் என்று ரயிலில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தாள். நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது, பக்கத்தில் அவள் இல்லை. எழுந்து பார்த்தால் இருட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்து ஜன்னலோரம் நின்று எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே படிக்கட்டில் கிடந்த என் செருப்பை. இருக்கிறது என்று தெரிந்ததும் பேசாமல் வந்து படுத்துக்கொண்டாள். ஏறக்குறைய ஒரு வருடம் இது நடந்தது. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அவளும் ஒன்றும் கேட்டதில்லை, நானும் ஒன்றும் சொன்னதில்லை. அவளுக்கு இருபது வயதானபிறகுதான் அந்த ராத்திரியைப் பற்றி அவளிடம் பேச எனக்குத் தைரியம் வந்தது.

சித்தார்த்தன் மனைவியும் பிள்ளையும் தூங்கும்போது அரண்மனையை விட்டுப் போன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். போனவர் என்ன ஆனார் என்பதுதான் நமக்குக் கதை. காலையில் கண்விழித்த யசோதரை, கைக்குழந்தை ராகுலனோடு எந்த அறையிலெல்லாம் தேடியிருப்பாள் என்று அந்தச் செருப்புக்குப் பிறகுதான் நான் யோசித்தேன். அவராவது துறவுக்குப் போனார். நீங்கள் போவது இருபத்தெட்டு நாள். ஒளிந்து போக என்ன இருக்கிறது?

அழுவான். அழட்டும். மூன்றாவது படிக்கிற பையனுக்கு நாள் எண்ணத் தெரியும். உங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்குமில்லையா, அதைச் சுவரிலிருந்து கழற்றி அவன் மடியில் வையுங்கள். நீங்கள் வருகிற தேதித் தாளை அவனையே தேடி எடுக்கச் சொல்லி, பேனாவால் வட்டம் போடச் சொல்லுங்கள். தினமும் தாள் கிழிப்பது அவன் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. போன் எப்போது வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வகுப்பு நேரத்தில் போனைத் தொடமுடியாது. ஆசிரமத்தில் கேட்டு ஒரு நேரத்தை முடிவு செய்துகொண்டு அதை மட்டும் வாக்குக் கொடுங்கள். “அடிக்கடி பேசறேன்” என்று சொல்லாதீர்கள், முடியாது.

அப்புறம் மகள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வார்த்தைதான் இருக்கிறது. எனக்கு அவளை நினைத்துத்தான் கவலை. அம்மா ஊருக்குப் போனால் வயசுக்கு வந்த பெண் தலையில் வீடு தானாக இறங்கிவிடும், யாரும் சொல்லக்கூட வேண்டாம். பாட்டிக்கு ஊசி, தம்பிக்குச் சாப்பாடு, அப்பாவுக்குக் காபி. ஜூனில் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. நீங்கள் படிக்கப் போவதற்கான விலையை அவள் கொடுக்கக்கூடாது. இன்சுலின் போட உங்கள் கணவருக்குக் கற்றுக்கொடுங்கள். கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற கை, ஊசி பிடிக்க வராதா? போவதற்கு முன் இரண்டு வாரம் அவரே போடட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அத்தைக்கு வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டறை வீட்டோடு இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள். இட்லி மாவுக்குக் கடை இருக்கிறது. இருபத்தெட்டு நாளுக்கும் பொடியும் தொக்கும் செய்து அடுக்கிவிட்டு, களைத்துப்போய் ரயில் ஏறாதீர்கள்.

படிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தங்கிப் படிக்கிற ஆசிரியர் பயிற்சியை சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-லேயே ஆரம்பித்துவிட்டார். நம் பத்தமடையில் பிறந்த சிவானந்தரின் சீடர் அவர். இப்போது எல்லோரும் சொல்கிற 200 மணி நேரக் கணக்கு, 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமைப்பின் கணக்கு. நம் ஊர் அரசுப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியம் வேறு, அதன் தேர்வும் வேறு. அந்த 200 மணியிலும் உடற்கூறுக்குக் கேட்பது 30 மணிதான். டிஸ்க் விலகியவரைக் குணப்படுத்த அது போதாது. யாரை எந்த ஆசனத்தில் நிறுத்தக்கூடாது, யாரை டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதும். மொட்டைமாடி வகுப்புக்கு இந்த அறிவு பெரிய விஷயம்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்று கேட்டால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியுமுன் மணி அடிக்கும். தியானம், ஆசனம் முடித்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் முதல் சாப்பாடு, மாலை ஆறுக்கு அடுத்தது, அவ்வளவுதான். முதல் நாள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒரு பையன் வாளியோடு வந்து என் தட்டில் சோறு வைத்தான். கொஞ்சம் நின்று, “இன்னும்?” என்று கேட்டான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், சுடச்சுட ஒருவர் பரிமாற நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரசாசனமோ பிராணாயாமமோ இவ்வளவு ஆழமாக என் நினைவில் நிற்கவில்லை.

இரண்டாவது வாரம்தான் கஷ்டம். உடம்பெல்லாம் வலிக்கும், வீட்டு நினைப்பு வரும், ஊருக்குப் போய்விடலாமா என்று இருக்கும். பல் கடித்து நாலு நாள் தள்ளினால் அது கடந்துபோகும். திரும்பி வந்ததும் கணவர் கையிலிருந்து ஊசியை வாங்கிவிடாதீர்கள். இரவு வேளை ஊசி அவருடையதாகவே இருக்கட்டும்.

கிளம்புகிற அன்றைக்கு மகனையும் ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கம் கெட்டால் பரவாயில்லை, லீவுதானே. உங்கள் பெட்டியை அவன் ஒரு கை பிடித்து இழுத்துக்கொண்டு வரட்டும். நீங்கள் ரயில் ஏறுவதை அவன் கண்ணால் பார்க்கட்டும்.

டிஸ்க் விலகிய அந்த அம்மாவிடம் நாளைக் காலையே சொல்லிவிடுங்கள். தனுராசனம் வேண்டாம், முன்னால் குனிகிற ஆசனங்களும் வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரும்வரை மூச்சுப்பயிற்சியும் சவாசனமும் போதும். அதற்காக அவர் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா