தடுப்பூசி அட்டையில் இல்லாத ஓர் எழுத்து: பொன்னுக்கு வீங்கி கேள்வி – பதில்

கேள்வி: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் மகனுக்கு ஒரு தடுப்பூசிகூட விடாமல் போட்டோம். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. ஊசி வேலை செய்யவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஊசியில் குறையில்லை, பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தே அதில் கிடையாது. அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என 'எம்.ஆர்.' போட்டிருப்பார்கள். எம் தட்டம்மைக்கு (மீசில்ஸ்), ஆர் ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் தட்டம்மை). 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய பெரிய முகாமில் போட்டதும் இதுவே. பொன்னுக்கு வீங்கிக்கு (ஆங்கிலத்தில் மம்ப்ஸ்) இன்னொரு எம் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதை 9 மாதம், 15 மாதம், 4–6 வயது என மூன்று தவணையாகப் போடச் சொல்கிறது. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான விஷயம். இலங்கையில் 2011 முதல் அரசே போடுகிறது.

எம்.ஆர். போட்ட பிள்ளைக்கும் 4 வாரம் கழித்து எம்.எம்.ஆர். போடலாம். விடுபட்ட பெரிய பிள்ளைகளுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ, இரண்டு வாரம் வாக்கில் கன்ன வீக்கமோ வரலாம். பயப்பட வேண்டாம், தானே வடிந்துவிடும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுத் தங்கை இருக்கிறாள். இப்போதே ஊசி போட்டால் தப்புவாளா?

பதில்: இந்த முறைக்கு உதவாது. வீக்கம் தெரிவதற்கு 2 நாள் முன்பே எச்சில், தும்மல் வழியாகக் கிருமி பரவத் தொடங்கிவிடும். ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 16–18 நாளில் தெரியும். 25 நாள்வரை கவனியுங்கள். இந்த முறை தப்பிவிட்டால் அடுத்த முறைக்குக் காப்பாக இருக்கட்டும், ஊசியைப் போட்டுவிடுங்கள். பையனை வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். டம்ளர், தட்டு தனியாக இருக்கட்டும்.

கேள்வி: கழுத்தில் நெறி கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தங்கச் சங்கிலி போட்டால் இறங்குமா?

பதில்: காதுக்குக் கீழே தாடை எலும்பின் முனையைத் தடவிப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கியில் அந்த முனை வீக்கத்துக்குள் மறைந்து கைக்குத் தட்டுப்படாது. காது மடல் மேலே தள்ளி நிற்கும். நெறி என்றால் தாடைக்குக் கீழே உருண்டையாகத் தனியே தெரியும். சங்கிலி போடுவதில் கெடுதல் இல்லை. வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானே வடியும். புளி, எலுமிச்சை வேண்டாம்: எச்சில் ஊற ஊற வீங்கிய சுரப்பியில் வலி சுரீரென்று ஏறும். குழைந்த சாதம், கஞ்சி கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10–15 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. தவறு நடப்பது பாட்டிலில்தான். 20 கிலோ பிள்ளைக்கு 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் 5 மில்லி சரியான அளவு. 125 என்று எழுதிய பாட்டிலில் அதே 5 மில்லி பாதிதான். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தை அப்படி ஊற்றினால் இரண்டு மடங்கு! ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, ஒரு காது கேட்காமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு வந்தால் குழந்தை பிறக்காதாமே?

பதில்: வயதுக்கு வந்த ஆண்களில், ஊசி போடாதவர்களுக்கு, நூற்றில் 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கலாம், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். அதனால் அடியோடு மலடாவது அபூர்வம். ஆனால் விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் 'பொன்னுக்கு வீங்கிதானே' என்று வீட்டில் இருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டாலும் இதே வலிதான் வரும். அதைச் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்ற வேண்டும்.