வைத்தியசாலை கணினிக்கு மாறுது, மகளை எந்தப் படிப்புக்கு விடுறது?

மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது என்று தெரிந்ததும் திருகோணமலைப் பெற்றோர் பலர் கேட்பது இதுதான். வேலை இருக்கும். ஆனால் "சொப்ட்வேர் படிச்சாச் சரி" என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

வைத்தியசாலை ஒரே நாளில் மாறுவதில்லை. பெரும்பாலும் ஓ.பி.டி. பதிவில் தொடங்கி, மருந்தகம், ஆய்வுகூடம் என்று போய், வோர்ட்டுக்குக் கடைசியாகத்தான் வரும். அதுவரை கட்டில்தலைச் சீட்டிலும் (வோர்ட் நோயாளியின் விபரம் எழுதும் தாள்) எழுத வேண்டும், திரையிலும் பதிய வேண்டும். ஊழியர் சலித்துப்போவது இந்த இரட்டை வேலையில்தான். கரண்ட் போனால் கடதாசியில் எழுதி, வந்ததும் ஏற்றுவார்கள். நேரத்தைத் திருத்தாமல் விட்டால் காலை 8 மணிக்கு வந்த நோயாளி மாலை 4 மணிக்கு அனுமதியானதாகப் பதிவாகும்.

ஒரே ஆள் இரண்டு நோயாளியாவதும் உண்டு. மூதூரில் இருந்து வரும் ஒரு முஹம்மதுவின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். அடையாள அட்டையைப் பார்த்தால் பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழைய எண்ணின் முன்னால் 19 போட்டு, பழைய எண்ணிலுள்ள முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, எழுத்தை நீக்கினால் புதியது வரும். இது தெரியாதவர் புதுக் கோப்புத் திறப்பார், பழைய ஒவ்வாமைக் குறிப்பு அங்கேயே கிடக்கும். எக்செல்லில் வேறு, 12 இலக்கத்தை எண்ணாக அடித்தால் அது 1.99E+11 என்று காட்டும். அந்தக் கலத்தை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும்.

நோய்க் குறியீடு இன்னொரு வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் முதல் வகை நீரிழிவு இ10 (E10), இரண்டாம் வகை இ11, வகை குறிப்பிடாதது இ14. டொக்டர் வெறும் "டி.எம்." (நீரிழிவு) என்று எழுதினால் இ14தான். நோயாளி இன்சுலின் போடுகிறார் என்பதற்காக இ10 போடக்கூடாது. இரண்டாம் வகைக்காரரும் இன்சுலின் போடுவார்கள். இந்த இடத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்குக் கை ஓங்கும்.

ஆகவே அடுத்த படிப்புத் தொடங்கும்வரை எக்செல், ஐ.சி.டி. அடிப்படை, சிங்களத் தட்டச்சு மூன்றையும் பழகட்டும். கணினி விஞ்ஞானமே வேண்டுமென்றால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. எந்தப் பாடச் சேர்க்கைக்கு இடம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள். மருத்துவத் தகவலியல் முதுமாணி டொக்டர்மாருக்கானது, அதை இப்போது நினைத்து ஏங்க வேண்டாம்.

தனியார் பாடநெறி என்றால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் காசு கட்டாமல் எழும்பி வாருங்கள். அரச பதவிக்கான தகைமை வர்த்தமானியில் வரும். பாடநெறி விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.