அமெச்சூர் என்றால் அரைகுறையா?

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் தேர்வு எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருக்கிறாள். சொந்த வானொலிக் கருவியில் பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசுவதுதான் அது, அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்கிறார்கள். எங்கள் நகர் நலச் சங்க விழாவில் அவளைப் பாராட்டுகிறார்கள். நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘அமெச்சூர்’ என்பதைத் தமிழில் போடலாமே என்று ‘கத்துக்குட்டி வானொலியாளர்’ என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘ஹாம்’ என்று போட்டால், அது பன்றி இறைச்சி ஆயிற்றே என்கிறார்கள் வீட்டில். எப்படி எழுதுவது?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள் ஐயா, நோட்டீஸை அப்புறம் பார்க்கலாம். கிரிக்கெட்டில் எல்லோரிடமும் தோற்கிற அணியைத்தான் கத்துக்குட்டி என்று எழுதுகிறார்கள். மின்னணுவியலும் விதிமுறைகளும் படித்து, மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (வானொலியில் அவளை அடையாளம் காட்டும் பெயர்) வாங்கிய பெண்ணைப் பெற்ற அப்பாவே அப்படி எழுதினால் அவளுக்கு வலிக்காதா?

அமெச்சூர் என்பது லத்தீனில் ‘அமாத்தோர்’, அதாவது நேசிப்பவர் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. திறமை கூடுதலா குறைவா என்ற பேச்சே அதில் கிடையாது, காசுக்காகச் செய்யாதவர் என்பதுதான் பொருள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளும் இந்தச் சேவையைப் பண ஆதாயமில்லாமல் சொந்த ஆர்வத்தால் மட்டுமே செய்வது என்றுதான் வரையறுக்கின்றன. நம் ஊரிலும் இந்தச் சொல்லுக்கு மரியாதை இருந்திருக்கிறது. வக்கீலாக இருந்து பின்னால் நீதிபதியான பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் மேடையேறியவர்கள் அமெச்சூர்கள்தான், அவர்களை யாரும் அரைகுறை நடிகர்கள் என்று சொல்லவில்லை.

‘ஹாம்’ கதை வேறு. அந்தக் காலத் தந்தி அலுவலகங்களில் தடுமாறித் தடுமாறித் தட்டுகிறவரைக் கேலி செய்ய வைத்திருந்த சொல் அது. தொழில்முறைத் தந்திக்காரர்கள் அதையே அமெச்சூர்கள் மேல் வீச, அவர்கள் அதைத் தங்கள் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேருடைய பெயர்களின் முதல் எழுத்து என்று ஒரு கதை உலவுகிறது, அதை நம்ப வேண்டாம்.

அந்தப் பெயரோடு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், குழுவோடு அந்தமானுக்குப் போய், உலகம் முழுக்க இருக்கும் சக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அந்தமானிலிருந்து ஒரு குரல் கிடைப்பதே அபூர்வம். 26-ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசிகள் செத்துப்போனபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவியை வைத்துத்தான் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பினார், தீவில் மாட்டிக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கும் தகவல் அவர்கள் குடும்பங்களுக்குப் போனது. இந்த வேலையைக் கத்துக்குட்டி என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? ஆர்வலர் என்று எழுதுங்கள். சமூக ஆர்வலர் என்று தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் நமக்குச் சலித்திருக்கலாம், ஆனால் “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்” என்கிற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீன் சொல் எதைச் சொன்னதோ அதையேதான் வள்ளுவரும் சொல்லியிருக்கிறார், இவ்வளவு கச்சிதமான இணை நமக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். தன்னார்வலர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுக்க வருகிறவருக்கான சொல்.

‘வானொலி ஆர்வலர்’ என்று மட்டும் எழுதினால் பழைய பாட்டு கேட்கிறவர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ‘உரிமம் பெற்ற ஹாம் வானொலி ஆர்வலர்’ என்று போட்டு, அடுத்த வரியில் அவளுடைய அழைப்புக்குறியை முழுசாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். இரவில் கதவுக்குப் பின்னால் அவள் வி.யு.3 என்பதை “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வது உங்கள் காதில் விழுந்திருக்கும். அவளுக்கென்றே ஒதுக்கிய குறி அது, உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவளிடமே காட்டிக் கேளுங்கள்.