முதல் ஹெலிகாப்டர்: ஆர்.சி. புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஆர்.சி., அதாவது ரிமோட்டில் இயக்கும் ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரில் முதல் வருடம் நான் பறக்கவிட்ட நேரத்தைவிட ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அந்தத் தகுதியில் இந்தப் பதில்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): அண்ணே, கேமரா ட்ரோன் நல்லா ஓட்டுவேன். நேரா 450 சைஸ் ஹெலிகாப்டர் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ட்ரோனில் ஸ்டிக்கை விட்டால் அது ஜி.பி.எஸ். பார்த்து அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஹெலிகாப்டர் நிற்காது. எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்துவதும் நீங்கள்தான். 450 என்பது மாடலின் அளவு வகை. அதில் ஒரு பிளேடு (மேலே சுற்றும் இறக்கை) சுமார் 325 மி.மீ. நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 330 கி.மீ. பக்கம் வரும். நடுவில் உள்ள பிடியையும் சேர்த்து ரேடியஸ் 35 செ.மீ. என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் கார்பன் பிளேடு. கை குறுக்கே போனால் தையலோடு முடியாது.

கேள்வி (கோவை): கடையில 4 சேனல், 6 சேனல்னு சொல்றாங்க. என்ன வித்தியாசம் சார்?

சேனல் என்றால் ரிமோட்டிலிருந்து தனித்தனியாக இயக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடு. 4 சேனலில் பிளேடின் கோணம் மாறாது. மேலே போக வேண்டுமென்றால் மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்கு ஒரு கணம் பிடிக்கும். 6 சேனலில், அதாவது கலெக்டிவ் பிட்சில், ரோட்டர் (பிளேடுகள் சேர்ந்த விசிறி) ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும், பிளேடின் கோணம்தான் மாறும். விரல் அசைந்தவுடன் ஹெலிகாப்டரும் அசையும். காற்றில் தாக்குப்பிடிப்பதும், தலைகீழாகப் பறப்பதும், மோட்டாரை நிறுத்திவிட்டு, இறங்கும்போது வரும் காற்றே ரோட்டரைச் சுற்றவைக்கும் ஆட்டோரொடேஷனில் இறக்குவதும் இதனால்தான் முடிகிறது. நீங்கள் தப்பாக ஸ்டிக்கை அசைத்தால் அந்தத் தப்பையும் அதே வேகத்தில் செய்யும், அவ்வளவுதான் சிக்கல்.

நான் சொல்லும் வரிசை: முதலில் சிமுலேட்டர், கூடவே வி911 மாதிரி ஒரு குட்டி 4 சேனல். பிறகு எக்ஸ்கே கே110 அளவில் ஒரு சின்ன 6 சேனல். 450 எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி (அதே நண்பர்): சிமுலேட்டர் வெறும் கேம்தானே? அதுக்கு எதுக்குக் காசு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், எதுவானாலும் சரி, நிஜமாகப் பறக்கவிடப்போகும் அதே டிரான்ஸ்மிட்டரை (ரிமோட்டை) கம்ப்யூட்டரில் இணைத்துப் பழகுங்கள். கீபோர்டில் பழகுவது வீண். நம் ஊரில் பெரும்பாலும் மோட் 2 என்ற ஸ்டிக் அமைப்பு: த்ராட்டிலும் (ஏற்ற இறக்கம்) டெயிலும் (வாலைத் திருப்புவது) இடது கையில். தினம் இருபது நிமிடம் போதும். முதல் வாரம் வால் உங்களைப் பார்க்க ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது. அடுத்து இடப்பக்கம், வலப்பக்கம். கடைசியில் மூக்கு உங்களைப் பார்க்க.

மூக்கு உங்களைப் பார்த்தால் இடம் வலம் தலைகீழாகிவிடும், எல்லோரும் இங்கேதான் உடைப்பார்கள். ஒரு சூட்சுமம்: அது எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், விழும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. யோசித்துச் செய்தால் நேரம் போதாது. கட்டைவிரல் தானாகச் செய்ய வேண்டும். சிமுலேட்டரில் நூறு தடவை விழுந்தாலும் ஒரு பட்டனில் எழுந்துகொள்ளும். நிஜத்தில் ஒவ்வொரு விழுகைக்கும் பார்சல் வரக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை, ஒரு அம்மா): பையனுக்கு பன்னிரண்டு வயசு. மொட்டை மாடியில பறக்கவிடலாமாங்க?

மாடி வேண்டாம் அம்மா. ஹெலிகாப்டர் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் பையனும் கண்ணை அதன் மேல் வைத்தபடியே பின்னால் போவான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் எதிரெதிராகச் சுற்றும் கோஆக்சியல் வாங்கிக் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஹாலிலேயே பறக்கலாம்.

கேள்வி (திருச்சி): ட்ரிம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஹோவர்ல லேசா வலப்பக்கம் சாய்ஞ்சே நிக்குது. பழுதா?

பழுதில்லை. ட்ரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிசெய்யும் சின்னத் திருத்தம்) காரணமும் இல்லை. மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மாடல்களில் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுற்றும். உடல் எதிர்ப்பக்கம் திரும்பாமல் தடுக்க டெயில் ரோட்டர் (வாலில் உள்ள சின்ன விசிறி) இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை ஈடுகட்டத்தான் வலச் சாய்வு. இன்னொன்று: கணுக்கால் உயரத்தில் ஹோவர் பழகாதீர்கள். தரையில் மோதித் திரும்பும் தன் காற்றிலேயே அது தள்ளாடும். இடுப்பு உயரம் போனால் ஆச்சரியமாக அடங்கிவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): லைப்போ பேட்டரி வெடிக்கும்னு வீட்ல பயப்படுறாங்க.

பயப்படுவது நல்லதுதான். லைப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும்போது 3.8. எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம், 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். உப்பிய பேட்டரிக்கு மறுவாய்ப்பு கொடுக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): அனுமதி வாங்கணுமா? பீச்ல ஓட்டலாமா?

2021 ட்ரோன் விதிகள் ஹெலிகாப்டர் வகையையும் சேர்த்தே பேசுகின்றன. 250 கிராம் வரை நானோ வகை, அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி இல்லாமல் கூடாது. பீச்சை நானே வேண்டாம் என்பேன். உப்புக் காற்றும் மணலும் பேரிங்கைத் தின்றுவிடும், மாலையில் கூட்டம் வேறு.

கேள்வி (ஈரோடு): விழுந்தா முதல்ல என்ன செய்யணும்?

விழுந்த பிறகு இல்லை, விழப்போகிறது என்று தெரிந்தவுடனே த்ராட்டில் ஹோல்ட், அதாவது மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். மோட்டாரின் விசை இல்லாமல் பிளேடு தரையில் பட்டால் செலவு குறையும். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். மெயின் கியரில் பல் போயிருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். மெயின் ஷாஃப்டையும் (ரோட்டரைச் சுற்றும் நடுத்தண்டு) ஃபெதரிங் ஷாஃப்டையும் (பிளேடுகளைத் தாங்கும் குறுக்குத்தண்டு) கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தள்ளாடி உருண்டால் வளைந்திருக்கிறது, நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.