வாக்குத்தத்த அட்டையில் அச்சாகாத வரிகள்

கேள்வி: எனக்கு 27 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். அப்பா கடற்தொழில். பட்டப்படிப்பு முடித்து மூன்று வருடமாக அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலைக்குக் கூப்பிட்டார்கள். இடையில் நியமனம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை. தம்பி வெளிநாடு போவதற்காக அம்மாவின் சீதனக் காணியை விற்கச் சொல்கிறான். புதுவருட ஆராதனையில் இந்த வருடத்துக்கான வசனம் என்று எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. சபை ஊழியர் ஒருவர், "மூன்று மாதத்தில் கதவு திறக்கும்" என்று சொல்லி ஜெபித்தார். எட்டு மாதம் போய்விட்டது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் விளங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை யோசனைதான். கவலைப்படுவது பாவம், உனக்கு விசுவாசம் காணாது என்கிறார்கள். எனக்குச் சமாதானம் வருமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது. அட்டையில் இடமில்லை, ஒரு வரியைத்தான் போட முடியும். ஆனால் உங்களுக்குத் தேவையான வரிகள் அதற்கு மேலே இருக்கின்றன.

28ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குங்கள். அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் சொன்ன கணக்கு இரண்டு வருடம் இல்லை, 70 வருடம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது இருந்த வளர்ந்த ஆட்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களிடம்தான், "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று கர்த்தர் சொல்கிறார். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்கிறார். உங்கள் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. எப்போது முடியும் என்று தெரியாத காலத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் போடச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்குத்தத்தம் கொடுக்கப்படுகிறது.

இது எனக்குப் பிரசங்கத்தில் விளங்கியதில்லை. 1990இல் நாங்கள் திருகோணமலையை விட்டு ஓடியபோது எனக்கு 13 வயது. மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அப்புறம் இன்னொரு முகாம். அப்பா கொண்டுவந்த பையை அவிழ்க்கவே விடவில்லை. "வாற மாதம் போயிடுவம்" என்பார். அம்மா எங்கேயோ ஒரு முருங்கைத் தடி வாங்கிவந்து எங்கள் குடிசைக்குப் பக்கத்தில் நட்டார். அப்பாவுக்கு வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தடியை நட்டால் இங்கேயே இருக்கச் சம்மதித்தது போல ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். அம்மா சொன்னது ஒன்றுதான்: "நாங்கள் போனால் வாறவை சாப்பிடட்டும்."

நான்கு வருடம் இருந்தோம். எத்தனையோ நாள் அந்த இலைதான் கறி. அம்மா தைரியமாகவே இருந்தார் என்று சொல்லமாட்டேன், இரவில் அழுவது எனக்குக் கேட்கும். ஆனால் விடிந்ததும் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஊர் திரும்பும் ஆசை அவருக்கு அப்பாவை விடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் நிலாவெளி வேலை அந்த முருங்கைத் தடி மாதிரி, மகள். அதை எடுத்தால் நியமனத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி ஆகாது. நியமனம் வந்தால் முறைப்படி அறிவித்துவிட்டு விலகுங்கள். வராவிட்டால் கையில் ஒரு தொழில் இருக்கும், நாலு மனிதரோடு பேசிப் பழகியிருப்பீர்கள். கடல் கொந்தளிக்கிற வாடைக்காலத்தில் உங்கள் அப்பா வலை பொத்துவாரா, இல்லையா? கடல் எந்தத் திகதியில் அடங்கும் என்று தெரிந்தபிறகா ஊசியை எடுக்கிறார்?

இனி, கவலை பாவம் என்ற பேச்சு. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் பாரம் சுமந்து வருகிறவர்களின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிற பேச்சு இது. "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். இரண்டும் ஒரே மனிதர் எழுதியவை. பிலிப்பியருக்கு எழுதுகிறபோது அவர் விலங்கோடு இருந்தார். விடுதலையா மரணமா என்று அவருக்கே தெரியாது. அங்கே இருந்துதான் தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்று எழுதுகிறார். "காத்துக்கொள்ளும்" என்ற அந்தச் சொல் மூலமொழியில் படைவீரர் காவல் நிற்பதைச் சொல்கிற சொல். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் காவல் நிற்பதை நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். காவல் நிற்பதால் பாறையில் அலை அடிப்பது நிற்பதில்லை. சமாதானம் கிடைத்தவர்களுக்கும் இரண்டு மணிக்கு முழிப்பு வரும்.

அந்த இரண்டு மணிக்கு, விரல் வைத்து வசனம் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வேதம் குறி கேட்கிற புத்தகம் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பயந்த மனது எதையாவது பிடிக்கத்தான் பார்க்கும். அதற்குப் பதிலாக 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். அதில் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்கிறாரே, அது உங்களுடைய இரண்டு மணி யோசனைதான். கேள்வி கேட்டதற்காகக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை. நீங்களும் கேளுங்கள். நியமனம், காணி, தம்பி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் உடனே வராது. ஆனால் சொல்லிவிட்ட பயம் சொல்லாத பயத்தைப் போல நெஞ்சை அடைக்காது, இது என் அனுபவம்.

நித்திரையில்லாமல் வாரக்கணக்கில் போகிறதென்றால், நெஞ்சு படபடக்கிறதென்றால், வைத்தியரிடம் போங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக யோசனையாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலின் பயணங்களில் கூடவே போன லூக்கா ஒரு வைத்தியர் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

காணி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். தம்பி வேலைக்குப் போகிறார் என்றால், முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க விடாதீர்கள். முகவரின் பெயரையே சொல்லத் தயங்குகிறார் என்றால் அதுவே போதும், காணி உறுதிப் பத்திரத்தை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டட்டும். காணி அம்மாவுடையது. முடிவும் அவருடையதுதான். ஜெபத்தில் வெளிப்பட்டது என்று சொல்லி வேறு யாரும் அதை எடுக்கக்கூடாது.

அந்த ஹோட்டலில் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பக்கத்து ஹோட்டலில் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கடிதத்தில் பெயர் போடவில்லை, அதனால் "உப்புவெளிப் பிள்ளை" என்று சொல்லித்தான் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.