புத்தகத்தை மூடுங்கள்

கேள்வி: ஒரு பாடத்தை நான்கைந்து முறை படிக்கிறேன். மறுநாள் பாதிகூட நினைவில் இல்லை. என் மூளையில் ஏதும் கோளாறா?

பதில்: கோளாறே இல்லை, கலங்காதீர்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் பெரும்பகுதி நழுவிவிட்டது. அதன் பிறகுதான் நழுவும் வேகம் தணிந்தது.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே நினைவு என்று நம்பிவிடுகிறோம். மாணவியாக இருந்தபோது இதயத்தின் படத்தைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரைந்தேன். நான்கு அறைகளும் வந்துவிட்டன. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வின் பெயர் மட்டும் தொண்டைவரை வந்து நின்றது. வெகுநேரம் தவித்த பிறகே திறந்து பார்த்தேன்: மிட்ரல். இன்றுவரை மறக்கவில்லை. அந்தத் தவிப்பு வீணல்ல. நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் முயற்சிதான் நினைவை வலுவாக்குகிறது.

இன்று படித்ததை நாளை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் அப்படியே. தயவுசெய்து தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்காதீர்கள். பகலில் கற்றதை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது.